வாக்குரிமையும் திருநங்கையர் மீதான சட்டங்களும்

ஒரு சட்டம் பொதுசன அபிப்பிராயத்தின் பேரில் எழுந்தது எனக் கூறுமிடத்து, அவ்வபிப்பிராயம் யாருடையது என வினவுதல் வரலாறு கற்போர் கடனாகும். 1871ஆம் ஆண்டில் இந்தியாவில் இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தை இவ்வினாவோடு நோக்குவோம்.

அதன் முதற்பகுதி சில குலத்தாரைப் பிறவிக் குற்றவாளிகளாக்கியது. இதனைப் பலரும் அறிவர். இரண்டாம் பகுதி, வடநாட்டில் ஹிஜ்ரா எனப்படும் திருநங்கையர் மீது விதிக்கப்பட்டமையை அறிந்தோர் சிலரே. 1852இல் மயின்புரிப் பகுதியில் பூரா என்னும் ஹிஜ்ரா ஒருவர் கொலையுண்டார். இறந்தவர்பால் இரங்க வேண்டிய ஆங்கில நீதிபதிகளோ அவர்தம் சமூகத்தையே ஆட்சிக்கு இழுக்கெனக் கருதினர். பின்னர் அதிகாரிகள் தம்முள் ஆண்டுக்கணக்காய் எழுதிக்கொண்ட கடிதங்களின் விளைவே இச்சட்டம். சந்தேகத்துக்கு உள்ளானோரின் பெயரும் உடைமையும் பதிவேட்டில் ஏறின. அவ்வாறு பதியப்பட்டோர் பெண்ணுடையில் வீதியிலே தோன்றினும், பொதுவிடத்தில் ஆடினும், இசைக்கருவி வாசிப்பினும் இரண்டாண்டு வரை சிறை. மரணசாதனம் எழுதவும் மகவை ஏற்கவும் அவர்க்கு உரிமையில்லை.

ஆடவர் பெண்வேடந் தாங்கி விடியுமட்டும் ஆடும் கூத்தைச் செங்கலடியிலும் அயலூர்க் களரிகளிலும் கண்டு வளர்ந்த நமக்கு இது விந்தையே. மாதவி ஆடிய பதினோராடலுள் பேடாடலும் ஒன்றன்றோ!

இச்சட்டத்தை நிறைவேற்றிய மகாதேசாதிபதியின் சபையில் மக்கள் தெரிந்த உறுப்பினர் ஒருவரேனும் இலர். 1911இன் புதிய சட்டத்தில் அப்பகுதி இடம்பெறவில்லை. ஆயினும் அதனையொத்த சட்டமொன்று நிசாமின் ஐதராபாத்தில் 1919இல் எழுந்து, 2023இல் தெலங்கானா உயர்நீதிமன்றம் செல்லாதெனத் தீர்க்கும்வரை ஏட்டில் இருந்தது.

வாக்குரிமை வந்தபின் மக்கள் வேறு விதமாகவும் தீர்ப்பளித்தனர். 1998இல் அமைந்த மத்தியப் பிரதேச சட்டசபையில் சோகாக்பூர்த் தொகுதியின் உறுப்பினராய் வீற்றிருந்தவர் ஷப்னம் மௌசி என்னும் திருநங்கை. அம்மாநிலத்துக் கட்னி நகரத்தார் கமலா ஜானை மேயராகத் தெரிந்தனர். அப்பதவி மகளிர்க்கு ஒதுக்கப்பட்டதெனக் காட்டி, உயர்நீதிமன்றம் அத்தெரிவை நீக்கிற்று. வாக்காளர் கொடுத்ததைச் சட்டத்தின் ஒரு சொல் பறித்தது.

2018 டிசம்பரில் இந்திய மக்களவை நிறைவேற்றிய சட்டமூலமோ, தம் பாலினத்துக்குச் சான்று வேண்டுவோரை மாவட்டக் குழுவொன்றின் ஆராய்வுக்கு உட்படுத்தியது. திருநங்கையர் வீதியில் இறங்கி எதிர்த்தனர். மேலவையில் நிறைவேறுமுன் பொதுத்தேர்தல் வர, அது காலாவதியாயிற்று. 2019இன் சட்டத்தில் அக்குழு விடப்பட்டது. மாவட்ட நீதவானிடம் சான்று பெறும் விதி மட்டும் எஞ்சியது. எண்ணிக்கையிற் சிறியோர் குரலுக்கு இஃது அரைவெற்றி எனலாம்.

இலங்கையின் கதை வேறு. 1841இன் அலைந்து திரிவோர் கட்டளைச்சட்டம் திருநங்கையர் பெயரைக் கூறவில்லை. எனினும் அவரைப் பிடித்து நிறுத்தப் பொலிசார்க்கு அது கைகொடுத்தது. அதனை இயற்றிய சட்டநிரூபண சபையினர் யாருடைய வாக்கையும் பெற்றவரல்லர். 1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. அதன்பின் நம் வாக்குகளாற் கூடிய சபைகள் பல அதனை நீக்காமலே கலைந்தன.