கூத்து முடிந்தபின் நிற்கும் புத்தகம்

தொலைக்காட்சித் தொடரையோ திரைப்படத்தையோ ஒட்டி எழுதப்படும் நாவலை இலக்கிய உலகம் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. பிறர் படைத்த பாத்திரங்களை வைத்துக் கூலிக்கு எழுதுவது எழுத்தாகுமா என்று கேட்கிறார்கள். அது மேலைநாட்டுப் பழக்கம், நமக்கு அதில் வரலாறே இல்லை என்ற எண்ணமும் உண்டு. சங்கராபுரம், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட நடுநாட்டின் கலை வரலாறு இரண்டையும் மறுக்கிறது. இப்பகுதியின் திரௌபதியம்மன் திருவிழாக்களில் பகலில் பாரதம் படிப்பார்கள். பிரசங்கியார் வில்லிபாரதப் பாட்டைச் சொல்லிப் பொருள் விரிப்பார். இரவில் அதே கட்டத்தைக் கூத்தாக ஆடுவார்கள். அந்தப் பாரதத்தைப் பாடிய வில்லிபுத்தூராரும் இந்த நடுநாட்டுத் திருமுனைப்பாடிக்காரர்தான். நூலும் ஆட்டமும் ஒன்றையொன்று தாங்கி நின்ற மரபு இது. பின்னர் அச்சு வந்தபோது, சென்னை இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பகங்கள் கூத்து நாடகங்களையும் கதைப்பாடல்களையும் மலிவு விலையில் வெளியிட்டன. கூத்துக் களத்தில் கண்ட கதை பெரிய எழுத்துப் புத்தகமாக வீட்டுக்குள் வந்தது.

சினிமா அந்த வழியிலேயே நடந்தது. 1931இல் 'காளிதாஸ்' வந்தது முதல் தமிழில் பேசும்படம் பெருகியது. கூடவே பாட்டுப் புத்தகமும் பெருகியது. மலிவான தாளில் சில பக்கங்கள். அட்டையில் நாயகன், நாயகி படம். உள்ளே நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பாடல்கள். கதை முடிச்சு இறுகும் இடத்தில் சுருக்கம் நின்றுவிடும். மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படத்தை ஓரிரு பக்கத்தில் அடக்கி, எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்று தேர்வதற்குக் கைத்திறன் வேண்டும். 'பராசக்தி' 1952இல் வெளியானபின் அதன் வசனப் புத்தகத்தை மனப்பாடம் செய்து மேடையில் பேசிய தலைமுறையே உண்டு. கீற்றுக் கொட்டகையில் படம் மாறிவிட்டால் திரும்பப் பார்க்க வழியில்லாத காலத்தில், சிற்றூர்க்காரர் கையில் எஞ்சியது இந்தப் புத்தகம்தான்.

இங்கிலாந்தில் தொலைக்காட்சித் தொடரை ஒட்டிய நாவல்கள் பெருகியதற்கும் காரணம் இதுவே. 'டாக்டர் ஹூ' தொடரின் வசனப் பொறுப்பாசிரியராக இருந்த டெரன்ஸ் டிக்ஸ், அத்தொடரின் கதைகளை அறுபதுக்கும் மேற்பட்ட நாவல்களாக எழுதினார். வீட்டில் வீடியோ இல்லாத 1970களில், ஒளிபரப்பான கதையை மறுபடி அடைய வாசகருக்கு இருந்த வழி புத்தகம். வாசிப்புப் பழக்கமே அந்த நூல்களால்தான் வந்தது என்று பின்னாளில் எழுத்தாளர்களான சிலரும் சொல்லியிருக்கிறார்கள்.

தமிழில் நாவல்தானே திரைக்குப் போகிறது, திரை நாவலாவதில்லையே என்று ஒரு மறுப்பு எழலாம். அதில் உண்மை உண்டு. வாரப் பத்திரிகைத் தொடர்கதை இங்கே வலுவாக இருந்ததால் கதை முதலில் அச்சில் வந்தது. 2024இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டு விடு கருப்பா' நாவல், 1990களில் 'மர்மதேசம்' தொலைக்காட்சித் தொடர் வரிசையில் 'விடாது கருப்பு' ஆனது. தொடரைப் பார்த்தவர்கள் பிறகு நாவலைத் தேடிப் படித்தார்கள். திசை எதுவானாலும் திரையும் நூலும் ஒன்றுக்கொன்று ஆள் சேர்த்துத் தந்தன. இவையெல்லாம் காசுக்காகச் செய்தவை என்பது அடுத்த மறுப்பு. காசுக்காக எழுதியதாலேயே எழுத்து தாழ்ந்துவிடும் என்றால் பத்திரிகைத் தொடர்கதை அத்தனையையும் தள்ள வேண்டியிருக்கும். 'பொன்னியின் செல்வ'னும் வாராவாரம் விற்பனைக்கு வந்ததுதான். வீடியோவும் இணையமும் வந்து பாட்டுப் புத்தகம் வழக்கொழிந்ததால் அதற்கு மதிப்பில்லை என்றும் சொல்ல முடியாது. தேவை தீர்ந்தது; அது ஊட்டிய வாசிப்பு தீரவில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பாடலாசிரியர் பெயரை அச்சிட்ட பல பாட்டுப் புத்தகங்கள், கதைச் சுருக்கம் எழுதியவர் பெயரை அச்சிடவில்லை. சென்னை ரோஜா முத்தையா நூலகம் போன்றவை இத்தகைய வெளியீடுகளைக் காத்துவருகின்றன. அங்கே சேராத பிரதிகள் நம் ஊர்ப் பரண்களில் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் வீட்டில் ஒரு பழைய பாட்டுப் புத்தகமோ கூத்துப் புத்தகமோ இருந்தால் எடைக்குப் போடாதீர்கள், நூலகத்துக்குக் கொடுங்கள்.