மன்றத்தின் வெளிக்கூடமும் பதிவேடும்

ஆட்சி மன்றத்தின் உள்ளே கை உயர்வதற்கு முன்னரே, அதன் வெளிக்கூடத்தில் காரியம் பேசி முடிக்கப்படுவது நெடுநாளைய வழக்கம். அவ்வெளிக்கூடத்தை ஆங்கிலேயர் ‘லாபி’ என்றனர். அங்கே காத்துநின்று உறுப்பினரைத் தம் பக்கம் திருப்ப முயல்வோர்க்கும் அப்பெயரின் வழியே பெயர் அமைந்தது. தமிழில் அவரைப் பரிந்துரைஞர் எனலாம். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிராண்ட், வாஷிங்டன் நகர விடுதியொன்றின் முன்கூடத்தில் தம்மைச் சூழ்ந்துகொண்டோர்க்கு இப்பெயரைச் சூட்டினார் என்றொரு கதை உண்டு. வகுப்பறையில் சொல்லச் சுவையான கதைதான். ஆயின் அவர் 1869இல் பதவி ஏற்பதற்குப் பல்லாண்டுகள் முன்பே அச்சொல் அந்நாட்டில் வழங்கியது.

பரிந்து பேசுவது குற்றமன்று. குறையுடையோரும் விற்பனைக்குப் பொருள் உடையோரும் ஆட்சியாளரை நாடுவது இயல்பே. யார், யாருக்காக, எதைக் குறித்துப் பேசினார் என்பது மறைந்திருப்பதே தீங்கு. இதனையுணர்ந்து அமெரிக்கா 1946இல் சட்டம் இயற்றிற்று. கனடாவின் கூட்டரசுச் சட்டம் 1989இல் நடைமுறைக்கு வந்தது. அதன் ஒண்டாரியோ மாநிலம் 1998இல் தனக்கென ஒரு சட்டம் வகுத்தது. எனினும் மாநகர மன்றங்களை அச்சட்டங்கள் தொடவில்லை. சாக்கடையும் குப்பையும் பார்க்கும் மன்றத்தில் யார் வந்து என்ன பரிந்து பேசப்போகின்றனர் என்று எண்ணினர் போலும்!

அவ்வெண்ணம் பிழையென்பதைக் காட்டிய நகரம் டொரான்டோ. 1998ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆறு நகராட்சிகளும் அவற்றுக்கு மேலிருந்த பெருநகர ஆட்சியும் ஒன்றாக இணைக்கப்பட்டன. ஏழு அலுவலகங்களின் கணக்கும் கருவிகளும் ஒருங்கே கலந்தன. அதே வேளையில் 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கணிப்பொறிகள் தேதியைத் தவறாகப் படித்துச் செயலிழக்கும் என்ற அச்சம் உலகெங்கும் பரவியிருந்தது. குழப்பமும் அவசரமும் ஒருசேர வந்த அந்த நேரத்தில்தான், 1999இல், கணிப்பொறிகளைக் குத்தகைக்கு எடுக்க மன்றம் இசைந்தது. குறிக்கப்பட்ட தொகை 43 மில்லியன் கனடிய வெள்ளி; காலம் மூன்றாண்டு. பின்னர்க் கணக்குப் பார்த்தபோது தொகை ஏறத்தாழ இருமடங்காகியிருந்தது. மூன்றாண்டுக் குத்தகை, மன்றத்தின் இசைவின்றியே ஐந்தாண்டாக நீண்டிருந்தது.

2002இல் மன்றமே நீதி விசாரணை கோரிற்று. நீதிபதி டெனிஸ் பெல்லமி பொறுப்பேற்றார். விசாரணை இருநூறு நாளுக்கு மேல் நீண்டது. விருந்துகளும் விளையாட்டுக் காட்சிகளும் உல்லாசப் பயணங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. குத்தகை நிறுவனத்தின் விற்பனையாளர் தனி விமானத்தில் பனிவளைகோல் ஆட்டம் காண அழைத்துச் சென்றவர்களுள் நகரின் வரவுசெலவுக் குழுத் தலைவரும் ஒருவர். அப்பயணத்தை அவர் முதலில் மறுத்துப் பின்னரே ஒப்புக்கொண்டார். வரி கட்டிய மக்களுள் எவரும் இவற்றை அன்று அறிந்திலர். அறிவதற்கு ஓர் ஏடும் இருந்ததில்லை. 2003ஆம் ஆண்டு மேயர் தேர்தலில் டேவிட் மில்லர் துடைப்பத்தைக் கையிலேந்தி வாக்குக் கேட்டார், வென்றார்.

2005 செப்டம்பரில் வெளியான பெல்லமி அறிக்கை நான்கு தொகுதிகளாலானது, பரிந்துரைகள் 241. பரிந்துரைஞர் பதிவேடு அவற்றுள் முதன்மையான ஒன்று. மாநிலச் சட்டமன்றம் 2006இல் இயற்றிய டொரான்டோ நகரச் சட்டம் அதனைக் கட்டாயமாக்கிற்று. 2008 பிப்ரவரி 11ஆம் நாள் ஏடு திறக்கப்பட்டது.

அதன் விதிகள் நுணுகி நோக்கத்தக்கவை. மன்ற உறுப்பினரையோ நகர அலுவலரையோ அணுகுமுன் பரிந்துரைஞர் தம் பெயர், தம்மை அமர்த்தியவர் பெயர், பேசக் கருதிய பொருள் ஆகியவற்றைப் பதிதல் வேண்டும். பேசிய பின்னரோ, மூன்று வேலை நாளுக்குள் அச்சந்திப்பையும் குறித்தல் வேண்டும். காரியம் கைகூடினால் இவ்வளவு என்று கூலி பேசுதல் கூடாது. இவ்விதியே ஏனையவற்றினும் கூரியது. வெற்றிக்குக் கூலி என்றானபின் எவ்வழியும் நல்வழியாகத் தோன்றுமன்றோ? விதி மீறினால் முதன்முறை 25,000 வெள்ளி வரையும், மறுமுறை 100,000 வெள்ளி வரையும் தண்டம் உண்டு. ஏட்டைக் காக்கும் பதிவாளர் மேயருக்குக் கீழ்ப்பட்டவரல்லர். மன்றத்துக்கே நேரே விடை சொல்பவர். ஏட்டை எவரும் இணையத்தில் புரட்டலாம்.

ஆனால் தன் தெரு விளக்கு எரியவில்லை என்று உறுப்பினரிடம் முறையிடும் குடிமகன் பதிந்துகொள்ள வேண்டுவதில்லை. மன்றத்தின் பொதுக் கூட்டத்தில் எழுந்து பேசுவோர்க்கும் அது வேண்டுவதில்லை. அப்பேச்சு எல்லாருடைய செவியிலும் விழுகின்றது. இவ்வேற்றுமையை வகுக்காத சட்டம், வலியோரைக் கட்டப் புறப்பட்டு எளியோரின் வாயைக் கட்டிவிடும்.

ஒண்டாரியோவின் பிற நகரங்கட்கு மாநிலச் சட்டம் இவ்வுரிமையைத் தந்ததேயன்றிக் கடமையாக விதிக்கவில்லை. தலைநகர் ஒட்டாவா 2012இல் தானே முன்வந்து தனக்கொரு பதிவேடு அமைத்துக்கொண்டது.