ஜாலான் புசாரில் கிராஃப்ட் பியர்: பழைய கடைவீடுகளில் என்னதான் நடக்கிறது?

டிர்விட் சாலையில் ‘சை செங் ஹுவாட் ஹார்ட்வேர்’ என்ற பெயரைப் பார்த்துவிட்டு ஆணி வாங்க உள்ளே போகாதீர்கள். அங்கே கிடைப்பது காப்பி. 2012இல் அந்தக் காப்பிக் கடையைத் திறந்தவர்கள், அதற்கு இரும்புச் சாமான் கடைப் பெயரையே வைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே சாலையில், சீன மருந்து வணிகர் சங்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ‘டிரக்கிஸ்ட்ஸ்’ என்ற கிராஃப்ட் பியர் கூடம் வந்தது. பெயர் சங்கத்துடையது, வியாபாரம் வேறு.

ஜாலான் புசார் வட்டாரம் மாறுவது இப்படித்தான். பலகை நிற்கும், தொழில் போய்விடும்.

கிராஃப்ட் பியர் என்றால் என்ன?

பெரிய ஆலையில் ஒரே சுவையில் கோடிக்கணக்கான போத்தல் தயாரிக்காமல், சிறிய அளவில், விதவிதமான சுவையில் காய்ச்சுவது. மூலப்பொருள் என்னவோ அதேதான்: தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லி, ஹாப்ஸ் பூ, ஈஸ்ட். எதை எவ்வளவு போடுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். நம் ஊரில் 1932இல் அறிமுகமான டைகர், லாகர் வகையைச் சேர்ந்தது. குளிரில் மெதுவாக நொதிக்க விடுவார்கள். கிராஃப்ட் கூடங்களில் அதிகம் காணப்படும் ஏல் வகை, அதைவிடச் சூடான வெப்பநிலையில் சீக்கிரம் நொதிக்கும். பழ வாசம் வருவது அதனால்தான்.

பட்டியலில் ‘ஐபிஏ’ என்று பார்த்திருப்பீர்கள். அதில் உள்ள ‘ஐ’ இந்தியாவைக் குறிக்கிறது! பிரிட்டனிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் போன, ஹாப்ஸ் கூடுதலாகச் சேர்த்த வெளிர்நிற ஏல் அது. அதற்காக இந்தியச் சுவையைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். கசப்புதான் இருக்கும்.

ஏன் இவ்வளவு விலை?

பியருக்கான உற்பத்தித் தீர்வை, அதிலுள்ள சுத்த மதுவின் அளவைப் பொறுத்தது: லிட்டருக்கு 60 வெள்ளி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 விழுக்காட்டு பியர் அரை லிட்டரில் 25 மில்லிலிட்டர் மது இருக்கும். தீர்வை 1 வெள்ளி 50 காசு. 8 விழுக்காடு என்றால் 2 வெள்ளி 40 காசு. அதற்குமேல் 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி. இருந்தாலும் கிண்ணத்தின் விலையில் தீர்வை ஒரு பங்குதான். இறக்குமதிச் செலவு, குளிரூட்டல், ஆள் சம்பளம், எல்லாவற்றுக்கும் மேலாக வாடகை இருக்கிறது.

அந்த வாடகைதான் வட்டாரத்தின் கதையும்கூட. பழைய கட்டடங்களுக்கான வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001இல் நீக்கப்பட்டது. 1991இல் ஜாலான் புசார் பாதுகாக்கப்பட்ட வட்டாரமானது. அந்த ஏற்பாடு கடைவீட்டின் முகப்பையும் கூரையையும் காக்கும். உள்ளே மரக்கட்டை விற்பவரையோ, உலோகம் வெட்டுபவரையோ காக்காது. 2017இல் டௌன்டவுன் ரயில் பாதையில் ஜாலான் புசார், பெண்டமியர் நிலையங்கள் திறந்தன. பிறகு கேட்க வேண்டுமா? புதிய கடைகள் வருவது தப்பில்லை; காலியாகக் கிடப்பதைவிட மேல். ஆனால் ஒரு கிண்ணம் பியர் விற்றுக் கிடைக்கும் லாபத்தோடு திருகாணி போட்டிபோட முடியாது.

சாலைக்கு அந்தப் பக்கம்?

பக்கத்திலேயே லிட்டில் இந்தியா. 2013 டிசம்பர் 8ஆம் தேதி அங்கு நடந்த கலவரத்தை ஆராய்ந்த விசாரணைக் குழு, மது ஒரு முக்கியக் காரணம் என்றது. 2015 ஏப்ரல் 1ஆம் தேதி மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது. தீவு முழுக்க இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தக்கூடாது. கடையில் வாங்கிக்கொண்டு போகவும் முடியாது. லிட்டில் இந்தியா, கேலாங் இரண்டிலும் விதி இன்னும் கடுமை. சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கட்கிழமை காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிப்பதற்குத் தடை.

உரிமம் பெற்ற கூடத்துக்குள் உட்கார்ந்தால் அந்தத் தடை உங்களைத் தொடாது. அப்போ யாரைத் தொடுகிறது? வாரத்தில் ஒரே நாள் விடுப்பில் தேக்காவுக்கு வந்து, நண்பர்களோடு புல்வெளியில் ஒரு டின்னைத் திறக்க நினைக்கும் ஊழியரை. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். பணம் இருப்பவருக்கு நாற்காலியும் கூரையும் கிடைக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். கூடத்தின் கதவைத் தள்ளும்போது இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

போகிறீர்கள் என்றால்...

வயது 18 ஆகியிருக்க வேண்டும். சின்னக் கிண்ணத்தில் சுவைபார்க்கத் தருவார்களா என்று கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். பெயரைவிடப் பக்கத்தில் இருக்கும் விழுக்காட்டைப் பாருங்கள்: 8 விழுக்காட்டு பியர் ஒன்று, வழக்கமான 5 விழுக்காட்டு பியர் ஒன்றரைக்கும் மேல். “ஒண்ணுதானே குடிச்சேன்” என்ற கணக்கு இங்கே எடுபடாது. வாகனம் ஓட்டுவோருக்கான வரம்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம். வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், பெண்டமியர் நிலையம் நடக்கும் தூரம்தான்.