மண்ணின் வெப்பம் காட்டிய நீர்வழி

ஆற்றின் ஓட்டத்தைக் கரையில் நின்றே அளந்துவிடலாம். மண்ணுக்குள் மெல்ல ஊர்ந்து செல்லும் நீரை அவ்வாறு அளக்க இயலாது. எனினும், அது எத்திசையில், எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்பதை அறியாமல் குடிநீர்க் கிணற்றை மாசிலிருந்து காக்கவோ வயலுக்கு நீர் பகிரவோ முடியாது. இச்சிக்கலுக்கு வெப்பமானி விடையளித்த வரலாற்றை இங்குக் காண்போம்.

இவ்வரலாற்றின் அடித்தளங்கள் இரண்டும் பிரான்சு நாட்டில் அமைந்தன. பொருள்களினூடே வெப்பம் பரவும் விதியை ஃபூரியே 1822இல் நூலாக வெளியிட்டார். மணலினூடே நீர் செல்லும் விதியை டார்சி 1856இல் வகுத்தளித்தார். இவ்விரு விதிகளும் வடிவில் ஒன்றையொன்று ஒத்தவை. ஆயினும், இரண்டையும் இணைத்து நீரோட்டத்தைக் கணக்கிடும் முறை உருப்பெற மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

அம்முறையின் அடிப்படை எளிது. பகலில் நிலத்தின் மேற்பரப்பு சூடாகிறது; இரவில் குளிர்கிறது. இம்மாற்றம் ஆழம் செல்லச் செல்லச் சுருங்குகிறது, காலத்தாலும் பிந்துகிறது. நீர் கீழ்நோக்கி இறங்கினால் வெப்பத்தையும் உடன் கொண்டு செல்வதால், ஏற்றத்தாழ்வு இன்னும் ஆழத்தை எட்டும். நீர் மேல்நோக்கி ஊறினால் அது விரைவில் அடங்கிவிடும். ஆகவே, வெவ்வேறு ஆழங்களின் வெப்பநிலைகளை ஒப்பிட்டு நீரின் திசையையும் வேகத்தையும் அறியலாம்.

1960இல் சுசுகி நெல்வயலில் கசிந்திறங்கும் நீரை மண்ணின் வெப்பத்தைக் கொண்டு கணிக்கும் ஆய்வை வெளியிட்டார். பாய்ச்சிய நீரில் எவ்வளவு மண்ணுக்குள் மறைகிறது என்பது உழவருக்கு உயிரான வினா அன்றோ! 1965இல் ஸ்டால்மன் அக்கணக்கைச் செம்மைப்படுத்தினார். அதே ஆண்டில் பிரெடஹோஃப்ட், பாபடோபுலோஸ் இருவரும், ஆழ்துளையில் வெப்பநிலைக் கோடு வளையும் பாங்கிலிருந்து நீரின் வேகத்தைக் கணிக்க வழிகாட்டினர். ஆழமற்ற நீரோட்டங்களை மண்ணின் வெப்பநிலையால் தடமறிவது குறித்துக் கார்ட்ரைட் 1974இல் எழுதினார்.

மண்ணுக்குச் சாயம் முதலியவற்றைச் செலுத்த வேண்டாத இம்முறைக்கு மற்றொரு வலிமையும் உண்டு. நீரைக் கடத்தும் திறன் களிமண்ணுக்கும் சரளைக்கும் இடையே பல இலட்சம் மடங்கு வேறுபடக்கூடும். வெப்பத்தைக் கடத்தும் திறனோ மண்ணுக்கு மண் சில மடங்கே வேறுபடும். எனவே, கணிப்பில் ஐயம் குறைகிறது.

2006 அளவில் ஒளியிழை வடங்கள் நீரியல் ஆய்வுக்குள் வந்தன. இழையினுள் செலுத்தப்படும் ஒளி சிதறித் திரும்புவதிலிருந்து, ஓடைப் படுகை நெடுகிலும் ஏறத்தாழ மீட்டருக்கு மீட்டர் வெப்பநிலையை அறியலாம். இதற்கு அடிப்படை, திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928இல் கண்டறிந்த ஒளிச்சிதறல். நிறம் மாறிச் சிதறும் அவ்வொளியின் ஒரு பகுதி, வெப்பத்திற்கேற்பக் கூடிக் குறைகிறது.

நம் மலேசிய, சிங்கப்பூர் மண்ணில் கோடை, குளிர்காலம் என்னும் வேறுபாடு இல்லை. ஆண்டுச் சுழற்சியை நம்பிய குளிர்நாட்டு முறைகள் இங்கு அப்படியே பொருந்தா. பகலிரவு மாற்றமே நமக்குப் பெரிதும் துணையாகும். முறையைக் கற்பிக்கும் ஆசிரியர், அது எம்மண்ணில், எத்தேவைக்குப் பிறந்தது என்பதையும் சேர்த்துக் கற்பித்தால், மாணவர் அதைத் தம் மண்ணுக்கு ஏற்ப மாற்றியமைக்கத் துணிவர்.