ஓரியன் நெபுலா விண்மீன் கொத்து

ஓரியன் நெபுலா விண்மீன் கொத்து, புவியிலிருந்து ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள, சில ஆயிரம் விண்மீன்களைக் கொண்ட இளம் கொத்தாகும். திருவாதிரை இடம்பெற்றுள்ள ஓரியன் மண்டலத்தில், வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்குத் தெற்கே மங்கலான புகைத்திட்டுப் போல இந்நெபுலா வெறுங்கண்ணுக்கே புலப்படும். கொத்தின் அகவை 10 முதல் 30 லட்சம் ஆண்டுகளே என மதிப்பிடப்படுகிறது.

இக்கொத்து, ஓரியன் ஏ என்னும் மூலக்கூற்று முகிலின் நம்மை நோக்கிய முகப்பில் உருவானது. மூலக்கூற்று முகில் என்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் சிறிதளவு தூசியும் கலந்த, வெப்பநிலை 10 முதல் 20 கெல்வின் அளவே உள்ள வளிமத் திரளாகும். அக்குளிரில் ஹைட்ரஜன் மூலக்கூறு கதிர் வீசுவது அரிதாகையால், உடன் கலந்துள்ள கார்பன் மோனாக்சைடு வெளியிடும் மில்லிமீட்டர் அலைகளைக் கொண்டே முகில்கள் ஆராயப்படுகின்றன. அவ்வலைகளை 1970இல் வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ் ஆகியோர் முதன்முதலில் கண்டறிந்ததும் ஓரியனில்தான்.

முகிலின் செறிந்த பகுதியொன்றில் ஈர்ப்பு விசையானது வளிம அழுத்தத்தையும் கொந்தளிப்பையும் காந்தப்புலத்தையும் விஞ்சும்போது, அப்பகுதி தன்னுள்ளேயே சரிந்து முன்விண்மீனாகிறது. சரியும் பொருள் சுழல்வதால் அதன் பெரும்பகுதி நேரே மையத்தில் விழாமல், சுற்றிலும் வட்டாகப் பரவி, அதன் வழியே சிறுகச் சிறுக உள்ளே சேர்கிறது. மைய வெப்பநிலை ஏறத்தாழ ஒரு கோடி கெல்வினை எட்டும்போது ஹைட்ரஜன் அணுக்கருப் பிணைவு நிலைபெறுகிறது. அதற்குரிய நிறை சேராதவை பழுப்புக் குறுமீன்களாக நின்றுவிடுகின்றன.

கொத்தின் போக்கைத் தீர்மானிப்பவை எண்ணிக்கையில் மிகச் சிலவான பெருவிண்மீன்களே. நடுவிலுள்ள, சரிவகம் எனப்படும் சிறு உட்கொத்தில், சூரியனைப் போல் 30 மடங்குக்கும் மேற்பட்ட நிறையுடைய தீட்டா-1 ஓரியானிஸ் சி வீசும் புறஊதாக் கதிர்கள், சுற்றியுள்ள வளிமத்தை அயனியாக்கி ஒளிரச் செய்கின்றன. நெபுலா எனக் காணப்படுவது இவ்வாறு அரிக்கப்பட்ட முகிலின் மேற்பரப்பே. அண்டை விண்மீன்களின் வட்டுகளும் இக்கதிர்களால் ஆவியாகின்றன என்பதை ஹபிள் தொலைநோக்கியின் படங்கள் 1990களில் காட்டின. எனினும், நெபுலாவுக்குப் பின்னால் முகில் இன்னும் அடர்ந்தே உள்ளது. தூசி மறைத்த அப்பகுதியில் 1967இல் பெக்லினும் நியூகெபாவரும் அகச்சிவப்புக் கதிரில் கண்டறிந்த பொருள், விண்மீன் பிறப்பு அங்குத் தொடர்வதற்கான தொடக்ககாலச் சான்றுகளுள் ஒன்றாகும்.

இத்தகைய முகில்களின் வளிமத்தில் சிறுபகுதியே விண்மீன்களாகிறது. எஞ்சியது விரட்டப்பட்டதும் கொத்தைப் பிணைத்திருந்த ஈர்ப்பு தளர்வதால், பெரும்பாலான கொத்துகள் கலைந்து விண்மீன்கள் பால்வழியெங்கும் சிதறுகின்றன. சூரியனும் அவ்வாறு பிரிந்த ஒன்றே எனக் கருதுவோர், அருகிலிருந்த வேறொரு விண்மீனிலிருந்து வந்ததாக அவர்கள் கொள்ளும் அலுமினியம்-26 சிதைந்ததற்கு விண்கற்களில் எஞ்சியுள்ள தடயங்களைச் சான்றாகக் காட்டுவர். ஆயினும் அந்த அலுமினியம் எவ்வகை விண்மீனிலிருந்து வந்தது என்பதில் கருத்தொற்றுமை இல்லை.