அக்கரைச் சேறு

நதிக்கரை நகரங்கள் – 17

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஷாங்காய் ஆற்றங்கரையில் 'காதலர் சுவர்' என்று ஒன்று இருந்தது. ஹுவாங்பு ஆற்று வெள்ளம் ஊருக்குள் ஏறாமலிருக்கக் கட்டிய தடுப்புச் சுவர் அது. பொழுது சாய்ந்ததும் இளம் ஜோடிகள் ஒவ்வொன்றாக வந்து, ஊருக்கு முதுகைக் காட்டி, ஆற்றைப் பார்த்தபடி அதில் சாய்ந்து நிற்பார்கள். ஒரு ஜோடிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு முழம் இடம் இருந்தால் அங்கேயும் ஒரு ஜோடி வந்து ஒண்டிக்கொள்ளும். பக்கத்தில் பேசுவது காதில் விழும், விழாததுபோல் இருந்துவிடுவார்கள். வீட்டில் பேச இடமில்லை, அதனால்தான் இங்கே வந்தார்கள். ஷாங்காய் சந்து வீடுகளில் ஒற்றை அறையில் மூன்று தலைமுறை படுத்தெழுந்த காலம் அது. அடுப்படி நாலைந்து குடும்பத்துக்குப் பொது. பல வீடுகளில் கழிவறை கிடையாது. மூடி போட்ட மரவாளியை விடிகாலையில் தூக்கிப்போய்க் கொட்டிக் கழுவிவர வேண்டும்.

அந்தக் காதலர்கள் இருட்டில் பார்த்துக்கொண்டு நின்ற எதிர்க்கரைதான் இந்த வாரக் கதை.

ஹுவாங்பு ஷாங்காயை இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே இருப்பது புஷி, கிழக்கே இருப்பது புடோங். பெயர்களுக்குப் பொருளும் அவ்வளவுதான்: ஆற்றுக்கு மேற்கு, ஆற்றுக்குக் கிழக்கு. நடுவில் ஓடும் ஆறு சுமார் அரைக் கிலோமீட்டர் அகலம். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று நாம் சொல்கிறோம். ஷாங்காய்க்காரர்களின் பேச்சு அதற்கு நேர் எதிர்: 'புடோங்கில் ஒரு வீடு கிடைப்பதைவிட, புஷியில் ஒரு கட்டில் கிடைத்தால் போதும்.' மூன்று தலைமுறை நெருக்கியடித்துக் கிடந்த ஊரில் ஒருவர் இப்படிச் சொல்கிறார் என்றால், அக்கரை எவ்வளவு தூரமாக இருந்திருக்க வேண்டும்!

இந்தத் தூரம் அபினிப் போரில் தொடங்கியது. போரில் தோற்ற சீனா 1842-இல் கையெழுத்திட்ட நான்ஜிங் உடன்படிக்கையின்படி ஷாங்காய்த் துறைமுகம் அந்நியருக்குத் திறந்துவிடப்பட்டது. மறு ஆண்டே ஆங்கிலேயர் வந்து இறங்கினார்கள். பழைய மதில் சூழ்ந்த ஊர் மேற்குக் கரையில் இருந்ததால் அவர்களும் அதன் பக்கத்திலேயே இடம்பிடித்தார்கள். வங்கிகள், சுங்கச் சாவடி, ஹோட்டல்கள் என்று ஆற்றோரமாக ஒரு கல் வரிசை எழுந்தது. அதற்கு 'பண்ட்' என்று பெயர் வைத்தார்கள். இந்தச் சொல் அவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுபோனது; கரை, அணை என்ற பொருளில் இந்துஸ்தானியில் வழங்கியது. சென்னை நுங்கம்பாக்கத்து டேங்க் பண்ட் ரோட்டில் இருக்கும் 'பண்ட்'டும் இதுவேதான். இந்தியாவில் விளைந்த அபினியும் ஏரிக்கரைச் சொல்லும் ஒரே கடல்வழியில் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

கிழக்குக் கரைக்குக் கிடைத்ததெல்லாம் ஊருக்குள் வைத்துக்கொள்ள விரும்பாதவை: சரக்குக் கிடங்குகள், எண்ணெய்க் கிடங்குகள், கப்பல் பட்டறைகள், சிகரெட் தொழிற்சாலை. அவற்றுக்குப் பின்னால் காய்கறித் தோட்டங்களும் வயலும். ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் மூக்குபோல் நீட்டிக்கொண்டிருந்த நிலத்துக்கு லூஜியாசுய் என்று பெயர். 'லூ குடும்பத்து வாய்முனை' என்று சொல்லலாம். மிங் காலத்து அறிஞர் லூ ஷென் குடும்பத்தின் வீடும் கல்லறையும் அங்கே இருந்ததால் வந்த பெயர். அதையொட்டிய தெருவின் பெயர் இன்னும் நேரடியானது: லான்னிது, அதாவது 'சேற்றுத் துறை'. பண்டின் பளிங்குத் தூண்களுக்கு நேர் எதிரே, கண்ணுக்கெட்டும் தொலைவில், தொழிலாளர் குடிசைகளும் சகதியுமாக அந்தத் தெரு கிடந்தது.

அக்கரையை வளர்க்க வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. சீனக் குடியரசின் நிறுவனர் சுன் யாட்-சென் தம் தேசக் கட்டுமானத் திட்டத்தில், புடோங் வழியாக ஆற்றுக்கே புது வழி வெட்டி, அங்கே பெரிய துறைமுகம் அமைக்கலாம் என்று எழுதினார். பிறகு வந்தவை போர், ஆக்கிரமிப்பு, புரட்சி. 1949-க்குப் பின்னும் நாற்பது ஆண்டுகள் ஷாங்காய் சம்பாதித்ததில் பெரும்பங்கு பெய்ஜிங்குக்குப் போனது. நகரம் தன் வீட்டையும் சாக்கடையையும் சரிசெய்துகொள்ளக் கையில் தங்கியது கொஞ்சம். நிர்வாகத்திலும் புடோங்குக்குத் தனி முகம் கிடையாது. ஆற்றோரத் துண்டுகள் மேற்குக்கரை மாவட்டங்கள் மூன்றுக்குச் சொந்தம். மீதியில் பெரும்பகுதி சுவான்ஷா என்ற நாட்டுப்புற வட்டம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஆற்றுக்கடியில் ஒரு சுரங்கச் சாலையும், எண்பதுகளின் இறுதியில் இன்னொன்றும் வந்தன. ஆனாலும் சாதாரண மக்களுக்குப் படகுதான். அக்கரையில் குடியிருந்து இக்கரையில் வேலை பார்த்தவர்கள் தினமும் காலையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு துறையில் நின்றார்கள். நல்ல ஆஸ்பத்திரியும் நல்ல பள்ளிக்கூடமும் மேற்கேதான் இருந்தன. பனி இறங்கினால் படகு நின்றுவிடும். படகு நின்றால் புடோங்குக்கு நகரம் இல்லை.

1987 டிசம்பர் 10 காலையில் அப்படித்தான் அடர்ந்த பனி இறங்கியது. படகுகள் நிறுத்தப்பட்டன. லூஜியாசுய் துறையில் வேலைக்குப் போகிறவர்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். மணிக்கணக்கில் காத்திருந்த பல்லாயிரம் பேர், பனி விலகிப் படகு கிளம்பும் என்றதும் ஒரே நேரத்தில் முன்னே நகர்ந்தார்கள். நெரிசலில் சைக்கிளோடு ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். 66 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வேலைக்கு நேரமாகிவிட்டதே என்ற பதற்றத்தில் போனவர்கள். இன்று புடோங்கைப் பற்றி எழுதும் பலர் 1990-இல் தொடங்குகிறார்கள். நான் அந்தப் பனிக் காலையிலிருந்து தொடங்கவே விரும்புவேன்.

பாலம் கட்டும் பேச்சு அதற்கு முன்பே இருந்தது. நான்பு பாலத்தின் வேலை 1988 டிசம்பரில் தொடங்கி, மூன்றே ஆண்டில், 1991 டிசம்பர் 1-இல் திறப்பு விழா கண்டது. தூண்களிலிருந்து இறங்கும் வடங்கள் தாங்குகிற பாலம். நடு இடைவெளி 423 மீட்டர். அடியில் பெரிய கப்பல்கள் போக வேண்டும் என்பதால் பாலம் தண்ணீருக்கு 46 மீட்டர் மேலே நிற்கிறது. அவ்வளவு உயரத்துக்கு வண்டி ஏற நீண்ட சாய்வு வேண்டும். புஷிப் பக்கத்தில் வீடுகளுக்கிடையே அதற்கு இடமில்லை. ஆகவே பாதையை ஒரு திருகாணிபோல் வட்டமாகச் சுற்றி மேலேற்றினார்கள். ஷாங்காயின் இட நெருக்கடியைப் புரிந்துகொள்ள அந்தச் சுருளைப் பார்த்தாலே போதும். இரண்டு ஆண்டில் யாங்பு பாலமும் வந்தது. அதன் இடைவெளி 602 மீட்டர்.

இனி அரசியலுக்கு வருவோம். முன்னாள் மேயர் வாங் தாவோஹானும், அமெரிக்காவில் வாழ்ந்த பாலப் பொறியாளர் லின் துங்யென்னும் எண்பதுகள் முழுக்கப் புடோங்கை வலியுறுத்தி வந்தார்கள். முடிவெடுக்கும் நேரம் 1989-க்குப் பிறகே கனிந்தது. தியானன்மென் சம்பவத்துக்குப் பின் மேற்குலகம் சீனாவிடமிருந்து விலகி நின்றது. கதவைச் சாத்தவில்லை என்று உலகுக்குச் சொல்லப் பெரிதாக ஏதாவது செய்தாக வேண்டும். 1990 தொடக்கத்தில் ஷாங்காய் வந்த மூத்த தலைவர் டெங் சியோபிங் புடோங் யோசனையை ஆதரித்தார். மேயர் ஜூ ரோங்ஜி காத்திருந்ததும் அதற்குத்தான். ஏப்ரல் 18-இல், ஷாங்காய் ஃபோக்ஸ்வாகன் கார் ஆலையின் ஐந்தாம் ஆண்டு விழா மேடையில் பிரதமர் லி பெங் அறிவித்தார்: புடோங் வளர்க்கப்படும், திறந்துவிடப்படும். 1980-இல் சிறப்புப் பொருளாதார மண்டலங்களைத் தேர்ந்தெடுத்தபோது ஷாங்காயை விட்டது தாம் செய்த பெரும் தவறு என்று டெங் 1992-இல் ஒப்புக்கொண்டார்.

அறிவிப்பு வந்த இரண்டு வாரத்தில், மே 3-இல், புடோங் பெருஞ்சாலை 141-ஆம் எண் வீட்டில் வளர்ச்சி அலுவலகத்தின் பலகை மாட்டப்பட்டது. இரண்டு மாடிச் சாதாரணக் கட்டடம். பலகை இருந்தது, வரைபடம் இருந்தது, பணம் இல்லை.

இந்தக் கதையில் கோபுரங்களைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஒரு காசோலை. புடோங்கின் மூன்று பகுதிகளுக்கென்று அரசே மூன்று கம்பெனிகளை அமைத்தது: லூஜியாசுய் நிதி வட்டாரத்துக்கு ஒன்று, ஜின்சியாவ் தொழில் வட்டாரத்துக்கு ஒன்று, வைகாவ்சியாவ் வரியில்லா வணிக வட்டாரத்துக்கு ஒன்று. நகர நிதித்துறை கம்பெனியிடம் முதலீடு என்று ஒரு காசோலை கொடுக்கும். கம்பெனி அதை நிலத்துறையிடம் நிலத்துக்கான விலையாகச் செலுத்தும். நிலத்துறை அதை அப்படியே நிதித்துறையிடம் வருவாயாகத் திருப்பிக் கட்டும். கிளம்பிய மேசைக்கே காசோலை வந்து சேர்ந்துவிட்டது. கஜானாவிலிருந்து ஒரு யுவான் வெளியே போகவில்லை. ஆனால் நிலம் கம்பெனியின் பெயருக்கு மெய்யாகவே மாறிவிட்டது. அதை வைத்து வங்கியில் கடன் வாங்கலாம், வெளிநாட்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேரலாம், சாலையும் குழாயும் போட்டு விலையை உயர்த்தி நீண்டகாலக் குத்தகைக்கு விடலாம்.

சீனாவில் நிலம் விற்பனைக்கில்லை. நகரத்து நிலம் அரசுடையது. 1988-இல் அரசியலமைப்பைத் திருத்திய பிறகுதான் அதன் பயன்பாட்டு உரிமையைப் பணத்துக்குக் கைமாற்ற வழி பிறந்தது. அந்த வழியைப் புடோங் பயன்படுத்திய விதம் புத்திசாலித்தனமானது. அதேசமயம், பின்னால் நாடெங்கும் நகராட்சிகள் நிலக் குத்தகை வருவாயையே நம்பிக் கடன்மேல் கடன் வாங்கும் பழக்கத்துக்கும் இப்படிப்பட்ட சோதனைகளே விதை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

லூஜியாசுய் நடுவட்டாரம் வெறும் 1.7 சதுர கிலோமீட்டர். அதை வடிவமைக்க 1992-இல் ரிச்சர்ட் ராஜர்ஸ், தொயோ இத்தோ, டொமினிக் பெரோ, மாசிமிலியானோ ஃபுக்சாஸ் ஆகிய வெளிநாட்டுக் கட்டடக் கலைஞர் நால்வரையும் ஷாங்காயின் சொந்தக் குழு ஒன்றையும் வரைபடம் தரச் சொன்னார்கள். நடுவில் வட்டப் பூங்கா, அதைச் சுற்றி ஆறு குடியிருப்புகள், காரைக் குறைத்து ரயிலையும் நடையையும் நம்பும் ஊர் என்பது ராஜர்ஸ் தந்த திட்டம். கடைசியில் ஷாங்காய்க் குழு எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்துத் தன் திட்டத்தை நிறைவேற்றியது. நடுவில் பூங்கா வந்தது, நடப்பவர் வரவில்லை. சாலைகள் அகலமாயின, கட்டடங்கள் ஒன்றையொன்று தொடாமல் விலகி நின்றன. 100 மீட்டர் அகலத்தில் நூற்றாண்டுப் பெருஞ்சாலை அமைந்தது. சாலையைக் கடக்க முடியாமல் ஜனங்கள் திணறியதால், பிற்பாடு வட்டமாக ஒரு நடைமேம்பாலம் கட்ட வேண்டியிருந்தது. ராஜர்ஸின் யோசனையை அப்போதே காதில் வாங்கியிருக்கலாம் என்பதே என் எண்ணம்.

நடுப்பூங்காவின் பரப்பு சுமார் 10 ஹெக்டேர். 1997-இல் திறந்தார்கள். அந்தப் புல்வெளிக்காக 3,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீட்டைக் காலி செய்தன. சேற்றுத் துறைத் தெருவே இல்லாமல் போனது. போனவர்களுக்குத் தூரத்துப் புதுக் குடியிருப்புகளில் தண்ணீர்க் குழாயும் கழிவறையும் உள்ள வீடுகள் கிடைத்தன. மரவாளியைச் சுமந்த பெண்ணுக்கு அது சின்ன விஷயமல்ல. ஆனால் ஆறும் தெருவும் அண்டை வீட்டாரும் போய்விட்டார்கள். பிறகு அந்த மண்ணின் விலை ஏறிய ஏற்றத்தில் அவர்களுக்குப் பங்கில்லை. வயலை இழந்த விவசாயிகள் பலர் நகர்ப்புறக் குடிப்பதிவு பெற்று ஆலைத் தொழிலாளர் ஆனார்கள்.

ஒரே ஒரு பழைய வீடு தப்பியது. படகுத் தொழிலில் பணம் சேர்த்த சென் குயிசுன் என்பவர் 1914 முதல் 1917 வரை கட்டிய மாளிகை அது. மரச் சிற்ப வேலை சீனப் பாணி, தரையும் உள்ளலங்காரமும் மேலைப் பாணி. 1949-க்குப் பின் பல குடும்பங்கள் பங்குபோட்டு வாழ்ந்த அந்த வீட்டைச் செப்பனிட்டு, வட்டார வளர்ச்சியின் கண்காட்சிக் கூடமாக்கினார்கள். இப்போது ஓவியர் வூ சாங்ஷுவோவின் நினைவகம். கோபுரங்களின் நிழலில், புல்வெளி ஓரத்தில், கறுத்த ஓட்டுக் கூரையோடு நிற்கிறது.

கோபுரங்களின் கதையை எல்லாரும் எழுதிவிட்டார்கள். 468 மீட்டர் 'கிழக்கின் முத்து' ஒளிபரப்புக் கோபுரம் 1994-இல். 88 மாடி ஜின் மாவ் 1999-இல். உலக நிதி மையம் 1997-இல் அஸ்திவாரத்தோடு நின்று, ஆசிய நிதி நெருக்கடி தீர்ந்தபின் 2008-இல் முடிந்தது. 632 மீட்டர் ஷாங்காய் கோபுரம் 2015-இல் எழுந்தது. தொண்ணூறுகளில் அலுவலகங்கள் பல ஆளில்லாமல் கிடந்தன. பொருளாதார அறிஞர் மில்ட்டன் ஃப்ரீட்மன் புடோங்கை இறந்த மன்னனுக்கு எழுப்பிய பிரமிடோடு ஒப்பிட்டார். பின்னால் ஆட்கள் வந்து நிரம்பினார்கள். 2020 கணக்கெடுப்பில் புடோங் புது மாவட்டத்தின் மக்கள் 56 லட்சத்துக்கு மேல்.

ஆட்கள் முதன்முதலில் திசை மாறி நடந்த நாள் ஒன்று உண்டு. 1995 டிசம்பர் 20. ஜப்பானின் யாவோஹான் நிறுவனம் கூட்டாகக் கட்டிய பெரிய பல்பொருள் அங்காடி புடோங்கில் திறந்தது. அன்று ஒரே நாளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே வந்துபோனதாகக் கணக்கு. எட்டு ஆண்டுக்கு முன் புஷிக்குப் போக நெரிபட்ட கரைக்கு, இப்போது புஷியிலிருந்து கூட்டம் வந்தது. யாவோஹான் இரண்டே ஆண்டில் திவாலானது. அங்காடி தொடர்ந்து நடந்தது.

காதலர் சுவரும் இல்லை. தொண்ணூறுகளில் பண்ட் கரையை அகலப்படுத்தி உயர்த்தியபோது அது மறைந்தது. அக்கரையில் கிடங்குகளும் கப்பல் பட்டறைகளும் மறித்துக் கிடந்த 22 கிலோமீட்டர் ஆற்றோரத்தை 2017 முடிவில் ஒரே நடைபாதையாக இணைத்தார்கள். மின்ஷெங் துறையின் பிரம்மாண்டத் தானியக் கிடங்கு இப்போது கண்காட்சிக் கூடம்.

படகுகள் இன்னும் ஓடுகின்றன. கட்டணம் 2 யுவான். பெரும்பாலான பாலங்களிலும் சுரங்கச் சாலைகளிலும் சைக்கிளுக்கும் மின்ஸ்கூட்டருக்கும் அனுமதி கிடையாது. அதனால் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகும் இளைஞர்கள், தலைக்கவசத்தைக் கழற்றாமல், வண்டியைப் பிடித்துக்கொண்டு படகுத் தளத்தில் நிற்கிறார்கள். பனி இறங்கும் காலைகளில் படகு நிற்கும். அவர்களும் துறையில் காத்திருப்பார்கள்.

(தொடரும்)