பௌத்த தியானமும் இக்காலக் கலையும்

மைசூர் நகரிலிருந்து குடகு நாட்டுக்குச் செல்லும் சாலையில் ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் சென்றால் பைலகுப்பை என்னும் ஊர் வரும். 1961-ஆம் ஆண்டில் திபெத்திய அகதிகள் காடு திருத்திக் குடியேறிய இடம் அது. அங்குள்ள நாம்ட்ரோலிங் மடத்தின் பொற்கோயிலைக் காணச் செல்வோர் மூன்று பெருஞ்சிலைகளையும் கண்டு வியந்து திரும்பிவிடுகின்றனர். சுவரோவியங்களின் முன் நின்று, அவற்றை எழுதியவர் யார் என்று கேட்போர் சிலரே. கேட்டாலும் விடை எளிதில் கிடைப்பதில்லை. ஓவியன் தன் பெயரைப் படத்தில் பொறிப்பது திபெத்திய மரபில் வழக்கமன்று.

பௌத்த தியானம் இக்கால ஓவியத்துக்கும் ஒளிப்படத்துக்கும் ஊக்கம் அளித்தது என்று அறிஞர் பலர் கூறக் கேட்கிறோம். அவ்வூக்கம் யாது? கண்மூடி அமர்ந்த புத்தபிரானின் உருவத்தைத் திரும்பத் திரும்பத் தீட்டுவதா? அன்றிப் பொருள்களைக் காணும் முறையிலேயே விளைந்த மாற்றமா? இதற்கு விடை காண, மைசூர்ச் சீமையில் தோன்றிய ஓர் ஓவியரின் வரலாறு நமக்குத் துணை செய்கிறது.

கே. வெங்கடப்பா 1886-ஆம் ஆண்டில் பிறந்தவர். அரண்மனைச் சித்திரக்காரர் குடும்பத்தினர். அவர் பிறப்பதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன்னர், மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், ‘ஸ்ரீதத்துவநிதி’ என்னும் பெருந்தொகுப்பு நூல் மைசூரில் உருவாயிற்று. தெய்வத் திருவுருவங்களுக்குரிய தியான சுலோகங்களும், அவற்றுக்கு ஏற்ற சித்திரங்களும் அதில் உண்டு. சுலோகத்தை ஓதி, உருவத்தை முதலில் உள்ளத்தில் நிறுத்தி, அதன் பின்னரே தூரிகையைத் தொட வேண்டும் என்பது பழைய முறை. பௌத்த சாதனை நூல்கள் கூறும் முறையும் இதுவே. ஈழத் தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் புதல்வர் ஆனந்த குமாரசுவாமி இவ்வொற்றுமையை விரிவாக எழுதியுள்ளார். ஆகவே, தியானத்திலிருந்து சித்திரம் பிறப்பது வெங்கடப்பாவுக்குப் புதுச் செய்தியாக இருந்திருக்க முடியாது.

அரசர் ஆதரவில் கல்கத்தா சென்று அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்ற அவருக்கு அஜந்தாவைக் காணும் வாய்ப்பு அமைந்தது. அக்குகைகளுக்கும் பழைய சென்னைப் படைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1819-இல் அவற்றைக் கண்டு வெளியுலகுக்கு அறிவித்த ஜான் ஸ்மித் சென்னைக் குதிரைப் படையினர். 1844 முதல் அங்கே ஆண்டுக்கணக்கில் தங்கிப் பிரதிகள் எழுதிய ராபர்ட் கில்லும் சென்னைப் படை அதிகாரியே. கில் எழுதிய பிரதிகளிற் பெரும்பாலானவை 1866-இல் லண்டன் பளிங்கு மாளிகைத் தீயில் அழிந்தன. பம்பாய்க் கலைப்பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ் பின்னர் மாணவர்களைக் கொண்டு எழுதுவித்த பிரதிகளிலும் பல 1885-இல் தீக்கு இரையாயின. கில் பிற்காலத்தில் காமிராவையும் கைக்கொண்டு அக்குகைகளைப் படம் பிடித்தார். இத்தனைக்கும் பின்னர், 1909 முதல் 1911 வரை ஹெரிங்காம் சீமாட்டியார் மீண்டும் பிரதி எடுக்க முனைந்தபோது, நந்தலால் போஸ், அசித்குமார் ஹல்தார் முதலியோரைப் போலவே வெங்கடப்பாவும் அப்பணியிற் சேர்ந்தார்.

அஜந்தாவில் பிரதி எடுப்பது எளிய வேலையன்று. விகாரங்களின் உட்புறம் இருண்டது. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தவனுக்கு முதலில் சுவரே தெரியாது. கண் பழகப் பழகத்தான் ஒரு கை, ஒரு தாமரை, ஒரு சாய்ந்த முகம் என ஒவ்வொன்றாய் வெளிப்படும். பிக்குகள் அமர்ந்து மனத்தை அடக்கிய இடத்தில், இருபதாம் நூற்றாண்டின் மாணவர்களும் அசையாது அமர்ந்து நோக்க வேண்டியதாயிற்று.

இதன் பயனாகக் கல்கத்தாவில் புத்தர் சித்திரங்கள் பெருகின. சுஜாதை, கபிலவஸ்து, போதிமரம் என்று எங்கும் அதே காட்சிகள். அவற்றிற் பல உருக்கம் மிகுந்து உயிர் குறைந்தவை என்பது என் கருத்து. சகோதரி நிவேதிதையும் குமாரசுவாமியும் எழுதி 1913-இல் வெளிவந்த இந்து, பௌத்தக் கதைகளின் நூலுக்கு வெங்கடப்பாவும் சித்திரங்கள் வரைந்து தந்தார். அவை அழகியவை, ஆயினும் அவருடைய தனித்தன்மையை நான் காண்பது அங்கன்று. 1926-ஐ ஒட்டி உதகமண்டலத்தில் அவர் தீட்டிய நீர்வண்ணப் படங்களில் புத்தரும் இல்லை, போதிமரமும் இல்லை. மேகம் கலைகிறது, பனி ஒரு மலைச்சரிவை மறைத்து மற்றொன்றைத் திறக்கிறது. காட்சி தானாக வெளிப்படும் வரை ஒருவர் காத்திருந்தார் என்பதை அப்படங்களே தெரிவிக்கின்றன. வெங்கடப்பா பௌத்தர் அல்லர். வீணை சேஷண்ணாவிடம் பயின்ற வீணை வித்தகர். மணம் புரியாது கலைக்கே வாழ்ந்தவர். அந்தப் பொறுமையில் அஜந்தாவின் பங்கு எவ்வளவு, வீணையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது இயலாத காரியம்.

தூரிகை காத்திருக்கும், கணப்பொழுதில் இயங்கும் காமிராவுக்குத் தியானம் எதற்கு என்று நேயர்கள் வினவலாம். 1950 ஏப்ரலில், ரமண மகரிஷியின் இறுதி நாட்களில், பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரஸோன் திருவண்ணாமலையில் இருந்தார். மகரிஷி மறைந்த இரவில் வானில் ஓர் ஒளி சென்றதைக் கண்டவர்களுள் அவரும் ஒருவர். ஜப்பானில் தத்துவம் கற்பித்த ஹெரிகல் என்னும் ஜெர்மானியர், தாம் ஜென் முறையில் வில்வித்தை கற்றதைப் பற்றி 1948-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஓவியர் பிராக் தமக்கு அளித்த அந்நூலைக் கார்த்தியே பிரஸோன் பெரிதும் போற்றினார். அம்பை வில்லாளி வலிந்து விடுவதில்லை. பழம் காம்பினின்று நழுவுவதுபோல் அது தானே விடுபட வேண்டும் என்பது அந்நூலின் சாரம். காமிராவின் விசையை அழுத்தும் விரலுக்கு இதைவிட நல்ல பாடம் ஏது? எடுத்த படத்தைப் பின்னர் ஓரம் வெட்டித் திருத்துவதை அவர் விரும்பாததும் இக்கொள்கையோடு பொருந்துகிறது. ‘ஜென்’ என்னும் சொல்லோ நம் ‘தியானம்’ சீனம் சென்று, ஜப்பான் புகுந்து திரிந்த வடிவமே. அந்நெறியைச் சீனத்துக்குக் கொண்டுசென்ற போதிதருமரைக் காஞ்சியோடு இணைத்துப் பேசும் மரபும் நம்மிடையே உண்டு.

இனிப் பைலகுப்பைக்கு மீள்வோம். திபெத்தியர் ‘தங்கா’ என்று வழங்கும் துணிச் சித்திரத்தை எழுதும் முறையில், மேலே சொன்ன இரு வழிகளும் ஒன்று சேர்கின்றன. பருத்தித் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பசையும் சுண்ணப்பொடியும் குழைத்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்க்கின்றனர். பின்னர் அளவுக் கோடுகள் இடுகின்றனர். முகத்தின் அகலம், கையின் நீளம் அனைத்தும் நூல்கள் விதித்த கணக்கு. ஓவியன் தன் விருப்பப்படி மாற்றுவதற்கில்லை. இத்தகைய கட்டுப்பாட்டில் புதுமைக்கு இடமேது என்று நம் காலத்து ஓவியர்கள் குறை கூறுவதுண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் எதை வரைவது என்ற கவலை நீங்கியதால், எப்படி அமர்வது, எப்படி மூச்சை அடக்கி ஒரு மெல்லிய கோட்டை முடிப்பது என்பதிலேயே அவன் கருத்துச் செல்கிறது.

கனிம வண்ணங்களும் பொன்துகளும் இட்டு முடிந்த பின்னரும் சித்திரத்தின் கண்கள் வெறுமையாகவே இருக்கும். நம் ஸ்தபதிகள் சிலைக்குக் கண் திறப்பதை இறுதிக்கு வைப்பது போலவே, தங்காவிலும் கண்ணெழுதுவது கடைசி வேலை.